இம்ப்ளான்ட் பல் போட்டாச்சு, அப்புறம் என்ன?

காரைக்குடியில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் ஸ்குரூ வைத்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல், போட்டுக்கொண்டேன். எவ்வளவு ஆச்சு, வலிச்சதா என்று கேட்காத ஆளில்லை. போட்ட பிறகு அதை எப்படி வைத்துக்கொள்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ரிப்போர்ட்டைக் கேட்டார். 8-க்கு மேல் இருந்தது. "7 பக்கம் வரட்டும், அப்புறம் எலும்புல கை வைக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த இடைவெளியில் மற்ற பற்களின் ஈறை எல்லாம் சுத்தம் செய்தார்கள், ஏனென்றால் பழைய ஈறுநோய்க் கிருமி புதுசுக்கும் தாவும். சீவலும் புகையிலையும் கூடாது என்றார், சீவலை விடத்தான் கஷ்டப்பட்டேன்.

டைட்டானியம் ஸ்குரூ வைத்தது, தையல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு எல்லாம் சுருக்கமாக முடிந்தது. அந்த மருந்தை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்ட வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் போகும். எலும்பு ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளச் சில மாதம் காத்திருந்து, மேலே பல் வடிவில் கேப் போட்டார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டாமல் ஸ்குரூவில் முடுக்கும் கேப்பாகக் கேட்டு வாங்கினேன், ஈறுக்கடியில் சிமெண்ட் மிச்சம் தங்கினால் அதுவே வீக்கத்துக்குக் காரணமாகும்.

பிறகு தேவகோட்டையில் ஒரு கல்யாணம், சீப்புச் சீடையும் தேன்குழலுமாக நாலு நாள் ஓடியது. ஊர் திரும்பி, பல்லிடுக்கைத் தேய்க்கும் குட்டி இடுக்கு பிரஷ் விட்டால் ரத்தம், வலி துளியும் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "ரத்தம் வந்தா அந்த இடத்தைத் தொடாதே தம்பி, உப்புத் தண்ணி போதும்" என்றார். டாக்டர் நேர் எதிராகச் சொன்னார். சொந்தப் பல்லைச் சுற்றி மெத்தை மாதிரி ஒரு நார் உண்டு, இம்ப்ளான்ட் நேராக எலும்பில் ஒட்டியிருப்பதால் அது இல்லை, ஈறின் பிடிப்பும் அங்கே குறைவு, அதனால் அழுக்கு சீக்கிரம் கீழே இறங்கும், வலி தெரிவதற்குள் எலும்பு கரைந்திருக்கக்கூடும், ஆகவே ரத்தம் வருகிற இடத்தைத்தான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டுமாம். நல்லவேளை, எக்ஸ்ரேயில் எலும்பு அப்படியே இருந்தது. ஈறு வீக்கத்தோடு நின்றால் சுத்தம் செய்தே சரியாக்கலாம், கரைந்த எலும்பு தானாக வளராது.

இப்போது மெல்லிய பிரஷை ஈறோரம் சாய்த்துப் பிடிக்கிறேன், இராத்திரி படுக்கும் முன் கம்பியில் பிளாஸ்டிக் பூசிய இடுக்கு பிரஷ், கேப்புக்கடியில் நுழைகிற பஞ்சு நூல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். கேப் போட்டதும் எடுத்த முதல் எக்ஸ்ரேயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட அது வேண்டும். இம்ப்ளான்டின் கம்பெனிப் பெயர், அளவு ஒட்டிய கார்டையும் கேளுங்கள். கேப் ஆட்டம் கண்டால் வேறு ஊர் டாக்டருக்கும் ஸ்குரூவை முடுக்க எந்தச் சாவி பொருந்தும் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.