வேலைக்குப் போகிறவர் வீட்டு நாய்க்கு மாதக் கணக்கு

நாய் வளர்க்கும் செலவு என்றதும் தீவனத்தையும் டாக்டர் பீஸையும்தான் முதலில் எழுதுவோம். நாள் முழுக்க வெளியே வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் அந்த இரண்டும் கீழே இறங்கிவிடும். நாய் தனியாக இருக்கிற நேரத்தில் யாராவது வந்து பார்ப்பதற்கும், வெளியே கூட்டிப்போவதற்கும், பகலில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் டே கேரில் விடுவதற்கும் ஆகும் பணம்தான் பட்டியலில் மேலே நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதனால் ரசீதுகளை அப்புறம் எடுக்கலாம். முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம்.

‘எட்டு மணி நேர வேலை’ என்று எழுதினால் அங்கேயே கணக்கு பிசகிவிடும். கதவைப் பூட்டிய நிமிடத்திலிருந்து மறுபடி திறக்கிற நிமிடம் வரை எண்ண வேண்டும். வேலை 8 மணி நேரம், சாப்பாட்டு இடைவேளை 1 மணி நேரம், போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் பத்தரை மணி நேரம். இரண்டு வாரத்துக்கு இதை நாள்தோறும் குறித்து வையுங்கள். முடிவில் சராசரியைத் தொடாதீர்கள், அதிகமாகத் தாமதமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எவ்வளவு என்று நாயின் மூத்திரப்பைக்குத் தெரியாது.

ஆரோக்கியமான வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் வரை அடக்கும். அடக்க முடியும் என்பதற்காக தினமும் அந்த எல்லைவரை விடக்கூடாது. 5 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக முடிந்தால் நிம்மதி. குட்டிக்கு உத்தேசக் கணக்கு ஒன்று உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அதிகபட்ச மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு 3 மணி, 3 மாதக் குட்டிக்கு 4 மணி. இதையும் உச்சவரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். விளையாடி முடித்தவுடனும் தூங்கி எழுந்தவுடனும் இந்தக் கணக்கு நிற்காது.

இப்போது பத்தரை மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு நடுப்பகலில் ஒருவர் ஒருமுறை வந்தால் போதும். 3, 4 மாதக் குட்டிக்கு இரண்டு முறை வேண்டும், 2 மாதக் குட்டிக்கு மூன்று முறை. இப்படி வந்து நாயை வெளியே கூட்டிப்போகிறவர்தான் வாக்கர். ஒரு வருகைக்கு அவர் வாங்கும் கட்டணத்தை ‘1’ என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் வளர்ந்த நாய்க்கு 22. குட்டிக்கு முதல் மாதம் 66, அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 44, ஆக மொத்தம் 198. வளர்ந்த நாய்க்கு ஒன்பது மாதம் ஆகிற செலவு குட்டிக்கு நான்கே மாதத்தில் கரைந்துவிடும். குட்டிக்கு 5 மாதம் ஆனதும் அந்த உத்தேசக் கணக்குப்படி ஒரு வருகை போதுமே என்று தோன்றும். அவசரப்பட்டுக் குறைத்தால் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும் பழக்கம் திரும்ப வரலாம், அதைத் திருத்த இன்னும் நாளாகும். வீட்டில் பகலில் ஆளே இல்லாதவர்கள் குட்டியை விட்டுவிட்டு, இரண்டு வயது தாண்டிய, வெளியே போய்ப் பழகிய நாயைத் தத்தெடுப்பதுதான் நல்லது என்பது என் கட்சி. குட்டிதான் வேண்டும் என்றால் ஆண்டு விடுப்பில் பெரும்பகுதியை முதல் சில வாரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். எடுக்கிற ஒவ்வொரு விடுப்பு நாளும் மூன்று வருகையை மிச்சப்படுத்தும்.

வாக்கரா, டே கேரா என்ற கேள்விக்கு விகிதம் பார்க்க வேண்டும். டே கேரின் ஒருநாள் கட்டணம் எத்தனை வருகைக்குச் சமம் என்று பாருங்கள். இரண்டுக்குள் இருந்தால், குட்டிக்காலத்தில் டே கேர்தான் மலிவு. மூன்றைத் தாண்டினால், உங்கள் வேலை மிக நீளும் நாட்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்ற நாட்களை வாக்கரிடம் விடலாம். ஆனால் டே கேர் ரசீதில் தெரியாத செலவுகள் உண்டு. பல இடங்களில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், நாய்க்கு நாய் தொற்றும் கென்னல் இருமலுக்கான தடுப்பூசியும் சேர்த்து. குறிப்பிட்ட வயதுக்கு மேல் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பார்கள். பல நாய்கள் கூடும் இடம் என்பதால் உண்ணி மருந்தில் ஒரு மாதம்கூடத் தவறவிட முடியாது. தாமதமாக வந்து எடுத்தால் தனிக் கட்டணம். மாதத்தில் இரண்டு மூன்று நாள் மீட்டிங் நீண்டுவிடும் என்பது தெரிந்த விஷயமே, அதை அபராதமாக நினைக்காமல் முன்கூட்டியே செலவில் சேர்த்துவிடுங்கள். கூச்ச சுபாவமுள்ள நாயையும் வயதான நாயையும் டே கேரில் விட்டால் பணமும் போகும், நாயும் களைத்து எரிச்சலோடு வீடு திரும்பும்.

மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 20 வருகைக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 18-க்கான பணம் கொடுக்கிறோம். காய்ச்சல், பண்டிகை, வீட்டிலிருந்து வேலை என்று 3 வருகை வீணாகி, காலாவதித் தேதியும் கடந்துவிட்டால் 17 வருகைக்கு 18-க்கான பணம் போயிருக்கும். தள்ளுபடி இல்லாமல் வாங்கியிருந்தாலே மிச்சம். காலாவதி எப்போது, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செய்யலாம், வாக்கருக்கே உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் வருவாரா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

வாக்கரிடம் ‘அரைமணி நேரம்’ என்று பேசினால், அது கதவு திறந்ததிலிருந்தா, தெருவில் கால் வைத்ததிலிருந்தா என்பதையும் பேசிவிடுங்கள். சாவி தேடி, கழுத்துப்பட்டை மாட்டி, திரும்பி வந்து பாதம் துடைத்து, தண்ணீர் மாற்றினால் 10 நிமிடம் எளிதாகப் போய்விடும். ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் மூன்று தகவல் வர வேண்டும்: மூத்திரம் போனதா, மலம் எப்படி இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் எவ்வளவு காலி. வளர்ந்த நாய் நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு சுமார் 50, 60 மில்லி தண்ணீர் குடிக்கும். திடீரென அதில் இரட்டிப்பாகக் குடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி, பகல் முழுக்க வெளியே இருக்கிற நமக்கு அது வாக்கர் மூலமாகத்தான் தெரியவரும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு சிறு செலவு செய்தாக வேண்டும்: கேமரா. பழைய கைபேசியே போதும். வாசல் கதவு தெரிகிற மாதிரி வைத்து, நீங்கள் கிளம்பிய பிறகு முதல் அரைமணி நேரத்தைப் பாருங்கள். தனியாக விட்டால் தவித்துப்போகும் பிரிவுப் பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் காட்டிவிடும்: இடைவிடாத நடை, மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், கதவைப் பிராண்டுதல், ஊளை. கொஞ்சம் முனகிவிட்டுச் சுருண்டு படுத்தால் கவலையில்லை. பதற்றம் இருந்தால் நடுப்பகல் வருகை அதைத் தீர்க்காது. அது வருவதற்குள் நான்கு மணி நேரம் நாய் தவித்திருக்கும். கூண்டில் அடைப்பதும் தீர்வாகாது, கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. நாயால் தாங்க முடிகிற அளவிலிருந்து, நொடிக் கணக்கில் தொடங்கி, தனிமையை மெல்ல மெல்ல நீட்டுவதுதான் சிகிச்சை. சில நாய்களுக்கு அதோடு மருந்தும் வேண்டும். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை அந்த அளவுக்கு மேல் தனியாக விடக்கூடாது என்பதுதான் இதில் செலவு வைக்கும் பகுதி. பயிற்சியாளர் கட்டணத்தோடு, அந்த வாரங்களுக்கான முழுநாள் பராமரிப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் போட்ட பணம் அத்தனையும் வீண்.

தீவனக் கணக்கு சுலபம், ஆனால் பை மேல் அச்சடித்த அட்டவணையை அப்படியே பின்பற்றினால் நாய் குண்டாகிவிடும். கைபேசிக் கால்குலேட்டரில் நாயின் எடையை அதோடு பெருக்கி, வருவதை மறுபடி எடையால் பெருக்குங்கள். விடைக்கு வர்க்கமூலம் அழுத்துங்கள், இன்னொரு முறை அழுத்துங்கள். வருவதை 70-ஆல் பெருக்கினால் படுத்தே கிடக்கும் நாய்க்கு ஒருநாள் தேவையான கிலோகலோரி. கருத்தடை செய்த சாதாரண வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். பகல் முழுக்கத் தூங்கும் நாய்க்கு 1.4 போதும். 10 கிலோ நாய்க்கு 1.6 வைத்தால் சுமார் 630 கிலோகலோரி. 100 கிராமுக்கு 370 கிலோகலோரி உள்ள உலர் தீவனம் என்றால் நாளுக்கு 170 கிராம், மாதத்துக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல். 20 கிலோ நாய்க்கு இரட்டிப்பு ஆகாது, 286 கிராம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

பெரிய பை வாங்கினால் கிலோ விலை குறையும், உண்மைதான். திறந்த உலர் தீவனத்தை ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் அதிலுள்ள கொழுப்பு காறிப்போகத் தொடங்கும். 10 கிலோ நாய் ஆறு வாரத்தில் தின்பது 7 கிலோ. 15 கிலோ பையை வாங்கினால் பாதிப் பை காறல் வாடையோடு நிற்கும், நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்தப் பை 27 கிலோ நாய் உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும். டப்பாவில் கொட்டுவதைவிடப் பையோடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்து மூடுவது நல்லது. தீவனத்தில் ஏதாவது கோளாறு என்றால் சொல்ல, பையில் அச்சடித்த தொகுதி எண்ணும் கையில் இருக்கும்.

டிரீட் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் குற்றவுணர்ச்சியில் அள்ளிக் கொடுப்பது இங்கேதான். கிளம்பும்போது நாய்க்கு வேலை கொடுக்க நினைத்தால், காலைத் தீவனத்திலேயே ஒரு பகுதியை ஊறவைத்து, நடுவில் குழிந்த ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, இரவே உறையவைத்துவிடுங்கள். கூடுதல் செலவும் இல்லை, கலோரியும் ஏறாது.

வருடம் முழுக்க விட்டுவிட்டு வரும் மருத்துவச் செலவுகளை ‘ஆண்டுப் பை’ என்று தனிக் கணக்கில் போட வேண்டும். தடுப்பூசி, ஆண்டுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்ணி மருந்து, நாய்க்கான உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, விலையேற்றத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து, 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். முதல் ஆண்டு இந்தப் பை கனக்கும். குட்டிக்கு 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் தாண்டும்வரை சில வார இடைவெளியில் ஊசிகள் உண்டு, கருத்தடையும் சேர்ந்துகொள்ளும். பெரிய நாய்க்கான உண்ணி மாத்திரையை வாங்கி இரண்டு சிறிய நாய்களுக்கு உடைத்துக் கொடுத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். உடைத்த துண்டில் எவ்வளவு மருந்து வரும் என்று கண்ணால் சொல்ல முடியாது. உண்மையிலேயே மிச்சம் தருவது பல் துலக்குவது. தினமும் இரண்டு நிமிடம், நாய்க்கான பற்பசையோடு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பல் சுத்தத்தைத் தள்ளிப்போட அது உதவும். மனிதர் பற்பசை வேண்டாம், அதில் இருக்கக்கூடிய சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

அவசரநிதிக்கு எவ்வளவு என்று மனக்கணக்கு போட வேண்டியதில்லை. வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், உங்கள் நாயின் எடைக்கு, குடலில் மாட்டிய பொருளை எடுக்கும் அறுவைக்கும் இரண்டு நாள் அங்கேயே சேர்த்து வைப்பதற்கும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதுதான் இலக்கு. நெஞ்சு ஆழமான பெரிய இன நாய் என்றால் வயிறு முறுக்கிக்கொள்ளும்போது செய்யும் அவசர அறுவையின் மதிப்பீட்டைக் கேளுங்கள். அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். காப்பீடு எடுத்தாலும் இந்த நிதி வேண்டும், ஏனென்றால் பல திட்டங்களில் முதலில் நாம் கட்டிப் பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். காத்திருப்புக் காலம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கு, நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை ஆண்டுக்கு ஒருமுறையா நோய்க்கு ஒருமுறையா என்பதைப் பார்த்துவிட்டுப் பிரீமியத்தைப் பேசுங்கள்.

பணம் இருந்தும் சிகிச்சை தாமதமாவது நாம் போனை எடுக்க முடியாத நேரத்தில்தான். நம்மைப் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு தொகை வரை மேற்கொண்டு சிகிச்சை செய்யலாம், முடிவு சொல்ல இன்னொருவர் யார் என்று கையெழுத்திட்ட தாளை மருத்துவமனையிலும் வாக்கரிடமும் கொடுத்து வையுங்கள்.

ஊருக்குப் போகும் நாட்களில் நாயைத் தங்கவைக்கும் போர்டிங்கையும் ஆண்டுப் பையில் சேருங்கள். விடுமுறைக் காலத்தில் கட்டணம் ஏறும், இடமும் கிடைக்காது.

வயதாகும்போது வருகைக் கணக்கை மறுபடி போட வேண்டும். பெரிய நாய்களுக்கு ஏழு வயதிலேயே, சிறிய நாய்களுக்குப் பத்தை ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் இரத்தச் சோதனையும் தேவைப்படும். அடக்கும் நேரம் குறையும், மூட்டுவலி மருந்துச் செலவு மாதச் செலவாக மாறும், நடுப்பகல் ஒன்று என்றிருந்த வருகை இரண்டாகும். நாய்க்கு ஐந்து வயதாகும்போதே அந்த இரண்டாவது வருகைக்கான தொகையில் கால்பங்கை மாதாமாதம் ஆண்டுப் பையில் தனியாகச் சேர்க்கத் தொடங்கினால், தேவைப்படும்போது கை கடிக்காது.