சக்கரம் சுத்துது

“அக்கா, சக்கரம் சுத்துது!”

நேற்றுக் காலை ஒரு பைக்கின் பின்சீட்டில் இருந்த பையன் கத்திவிட்டுப் போனான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கேட்டுவரும் பகடி இது. முதல் தடவை, 7 வயதில், நிஜமாகவே பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்த வேகத்தில் கீழேயும் விழுந்தேன். இப்போது 43 வயது. “சுத்தலேன்னாதான்டா பயப்படணும்” என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் திருப்பத்தைத் தாண்டியிருப்பார்கள்.

இந்த மாதிரிக் கிண்டலில் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. குற்றப்பத்திரிகை வாசிக்கும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஷிப்ட் வேலை. ஒரு வாரம் விடியும் முன்பே கிளம்ப வேண்டும், மறுவாரம் இரவு பத்தரைக்குத்தான் திரும்புவேன். வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர், ஆறு வருஷமாக சைக்கிள்தான். ‘உடம்புக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்று யாராவது பாராட்டினால் தலையாட்டிக்கொள்வேன். உண்மைக் காரணம் வேறு: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையும் கிடையாது.

போன வருஷம் ஒரு குட்டி நோட்டு போட்டேன். எதையும் வகைபிரித்து எழுதினால்தான் நிம்மதி, லேப் புத்தி. சாலையில் எனக்கு நடப்பதை இடப்பக்கம் ‘தெரியாமல்’, வலப்பக்கம் ‘தெரிந்தே’ என்று பிரித்து எழுதுவது. மூன்று மாதம் எழுதினேன். இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் பதினோரு வரிகள்தான். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் புரள வைத்தது அந்தப் பதினொன்றும்தான்.

முதலில் ஹாரன். முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல வந்து, வேண்டுமென்றே ஒரே அழுத்து. காருக்குள் இருப்பவருக்கு அது கண்ணாடிக்கு வெளியே கேட்கும் சத்தம். எனக்கோ காதுக்குள் ஆணி. திடுக்கிட்டால் மனிதர் தலையைத் திருப்புவார்கள். சைக்கிளில் தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். அதாவது எந்தப் பக்கம் வண்டி வருகிறதோ அந்தப் பக்கமே சைக்கிளும் சாயும். பயமுறுத்துபவருக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்தால் செய்யமாட்டார் என்று நினைக்கத்தான் ஆசை.

ஜன்னல் வழியே கத்துகிறவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று: 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. நீங்கள் யோசித்து யோசித்துத் தயாரித்த வசவு எங்களுக்கு “ஏஏய்ய்” என்றுதான் கேட்கிறது. உழைப்பு வீண்.

அப்புறம் அந்த அடி.

இரவு ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். பாலம் இறங்கும் இடம், தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். பின்னால் பைக் சத்தம். ஒதுங்கிக் கொடுத்தேன். நடுமுதுகில் பளார் என்று ஒரு கை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் அறைந்துவிட்டுப் போகிறான், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சைக்கிள் ஓரத்துச் சரளையில் இறங்கி, முன்சக்கரம் வழுக்கி, நான் முழங்கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. தோல் உரிந்தது, பெடல் வளைந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வலிக்காக அல்ல, திரும்பி வருவார்களோ என்று. வரவில்லை. நான் விழுந்ததையே அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பார்க்காமலே சிரிக்க முடிந்ததுதான் அதில் அவர்களுக்கு வசதி.

முழங்கை பத்து நாளில் ஆறிவிட்டது. பின்னால் பைக் சத்தம் கேட்டால் தோள்பட்டை தானாகத் தூக்கிக்கொள்வது மட்டும் போகவே இல்லை.

அந்தக் கடுப்பில்தான் இதெல்லாம் எப்போது தொடங்கியது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது! 1876-ல் இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் கோச்சு வண்டிக்காரர் சைக்கிளில் போன ஒருவரைச் சாட்டையால் அடித்திருக்கிறார். அந்த வண்டியின் காவலாள் கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி வைத்திருந்து, அதைச் சக்கரத்துக் கம்பிகளுக்குள் எறிந்திருக்கிறார். குண்டு, கயிறு, முடிச்சு என்று வீட்டிலிருந்தே தயாராக வந்திருக்கிறார், பாருங்கள். பெண்ணுரிமைக்காகப் போராடிய ஹெலனா ஸ்வான்விக், 1890களில் லண்டனில் சைக்கிள் ஓட்டியபோது குதிரை பஸ் ஓட்டுநர்கள் தன்மீது சாட்டையைச் சுண்டியதையும், வேறொரு தடவை தெருவில் யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்துத் தன்னைக் கீழே தள்ளியதையும் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். படித்ததும் முதுகில் அந்த இடம் மறுபடி எரிந்தது. கூடவே, சொன்னால் அசிங்கம், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

சரி, இடப்பக்கத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டே போனது. அடுத்த சிக்னலில் அவரைப் பிடித்துவிட்டேன். (நகரத்துக்குள் சைக்கிள்காரர் எப்போதும் அடுத்த சிக்னலில் பிடித்துவிடுவார். அவசரமாக முந்துகிறவர்கள் இதை மட்டும் யோசிப்பதே இல்லை.) ஜன்னலைத் தட்டினேன். என் அப்பா வயது. வழி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிப்போய், “இடம் விட்டுத்தானேம்மா வந்தேன்?” என்றார். பொய் சொல்லவில்லை. நான் விழாததால் போதுமான இடம் விட்டதாக அவர் கணக்கு. “சார், குழியைப் பார்த்தா நான் விலகணும், காத்தடிச்சா ஆடுவேன். அதுக்கும் சேர்த்து இடம் வேணும் சார்” என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கைக்கு ஒன்றரை மீட்டர் வரும். பச்சை விழுந்து பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஒன்றரை மீட்டர் நானாக விரித்த அளவில்லை. ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விட வேண்டும் என்பது சட்டம். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. பெரிய லாரி பக்கத்தில் போனால் காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும், உடனே லாரிப் பக்கமாக உள்ளே இழுக்கும். அனுபவித்தவர்களுக்கு அந்த 2 மீட்டர் தாராளமாகத் தெரியாது.

இயான் வாக்கர் என்ற உளவியல் ஆய்வாளர் 2006-ல் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றினார். 2,300-க்கும் மேற்பட்ட தடவை வண்டிகள் அவரை முந்தின. ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் இன்னும் நெருங்கி வந்தன. நீளமான விக் வைத்துப் பின்னாலிருந்து பெண்போலத் தெரிந்தபோது 14 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டன. நிஜக் கூந்தலோடு ஆறு வருஷம் ஓட்டும் எனக்கு அந்த 14 சென்டிமீட்டர் சலுகை கிடைத்ததாக நினைவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றவும் போவதில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. சாலையோரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டினாரோ, அவ்வளவுக்கு இடைவெளி குறைந்தது. ‘ஓரமாக ஒடுங்காதே, உன் இடத்தை எடுத்துக்கொள்’ என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இது எதிர்போலத் தெரியும். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். ஓரத்தில் போனால் மண், சாக்கடை மூடி, திடீரென்று திறக்கும் கார் கதவு. விலகிப் போக இடமே இருக்காது. தள்ளி ஓட்டினால் சிலர் உரசுகிறார்கள், ஆனால் என் ஓரப் பக்கம் ஒரு மீட்டர் காலியாக இருக்கிறது, அதற்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். குறுகலான சாலையில் பலர் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வருவார்கள். எரிச்சலோடுதான். எரிச்சல் பரவாயில்லை.

வலப்பக்கத்துக்கு இந்த வித்தை எதுவும் பலிக்காது. முந்திப் போய் முன்னால் நின்று சடாரென்று பிரேக் போடுகிறவரிடம் கையை விரித்துக் காட்டி என்ன பயன்? லாஸ் ஏஞ்சலிஸில் 2008-ல் ஒருவர் இப்படித்தான் செய்தார்; பின்னால் வந்த இரண்டு சைக்கிள்காரர்களில் ஒருவர் காரின் பின்கண்ணாடிக்குள் முகத்தோடு போய் மோதினார். ஓட்டியவருக்கு 2010-ல் ஐந்து வருஷச் சிறை. 2011-ல் அந்த நகரம், தங்களைத் துன்புறுத்தும் ஓட்டுநர்மீது சைக்கிள்காரர்களே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தது.

அடி வாங்கிய பிறகு பின்பக்கம் கேமரா மாட்டினேன். அடுத்த தடவை ஒருவர் பிரேக் விளையாட்டு ஆடியபோது நம்பர் பிளேட் தெளிவாக விழுந்தது. புகார் கொடுக்கப் போனேன். வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்த அதிகாரி கேட்டார்: “விழுந்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்னம்மா?”

விழுந்த அன்றைக்கு என்னிடம் வீடியோ இல்லை, வீடியோ இருக்கும் அன்றைக்கு நான் விழவில்லை. இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016-ல் சாதாரண உடையில் போலீஸ்காரர்களையே சைக்கிளில் அனுப்பியது. நெருக்கி முந்தியவர்களை நிறுத்தி, தரையில் விரிப்பைப் போட்டு, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று காட்டினார்கள். யாரும் விழும்வரை காத்திருக்கவில்லை. அந்த அதிகாரியை ஒரே ஒரு நாள் என் பாலத்துக்கு சைக்கிளில் கூட்டிப்போனால் போதும்.

ஆஸ்திரேலியாவில் 2019-ல் வந்த ஓர் ஆய்வில், 442 பேரிடம் கேட்டதில் 17 சதவீதம் பேர் வேண்டுமென்றே காரால் சைக்கிளை மறித்ததாகவும், 11 சதவீதம் பேர் வேண்டுமென்றே நெருக்கி ஓட்டியதாகவும் அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள்காரரை முழு மனிதராகப் பார்க்காதவர்கள்தான் இப்படிச் செய்வதும் அதிகமாம். அன்று முதுகில் விழுந்த அடியை நினைத்துக்கொண்டேன். அவர்கள் அடித்தது ஒரு முதுகை. முகம் எதிரில் இருந்திருந்தால் கை எழுந்திருக்குமா, தெரியவில்லை. ஜன்னலை இறக்கிய அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தபோதுதான் அவருக்கு முகம் மாறியது.

நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கேமராவை மட்டும் தினமும் சார்ஜ் போடுகிறேன். காலையில் பாலத்து வழியாகவே போகிறேன்; இரவு ஷிப்ட் வாரத்தில் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். அங்கே விளக்கு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். எட்டு நிமிஷம் கூடுதலாக ஆகிறது.