'பசை' என்ற சொல்லை அடித்த பிறகு

உடலின் மேற்பரப்புகளை மூடியிருக்கும் மேலணிக் கலங்களின் சுருங்குதிறனை, கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டற் புரதங்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்பது இறுதியாண்டுக் கருத்தரங்குக்காக எனக்குக் கிடைத்த தலைப்பு. உயர்தர உயிரியலில் படித்ததே போதுமென்று எண்ணி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதி அறையில் இருந்தபடியே ஒரு கிழமைக்குள் முதல் வரைவை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அத்தகைய புரதங்களுள் ஒன்றான ஈ-கட்ஹெரினைப் 'பசை' என்று ஏழு இடங்களில் எழுதியிருந்தேன். மேற்பார்வை செய்த சேர் ஏழையும் பென்சிலால் வட்டமிட்டு, "பசை ஒட்டும், பிள்ளை. இழுக்கிறது ஆர்?" என்று கேட்டார்.

பதில் தேட எனக்கு இரண்டு மாதங்கள் சென்றன.

கலத்துக்கு வெளியே ஈ-கட்ஹெரின், கல்சியத்தின் உதவியுடன் அயற்கலத்தின் ஈ-கட்ஹெரினைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே அதன் வால் பீற்றா-கற்றெனின் என்னும் புரதத்தையும், அதனூடாக அல்பா-கற்றெனினையும், அதனூடாக கலத்துக்குள் இருக்கும் அக்ரின் என்ற புரத இழைகளையும் பிடித்திருக்கிறது. அவ்விழைகளை இழுப்பது, தசையில் உள்ளதற்கு உறவான மயோசின் II என்னும் புரதம். கல்சியத்தில் தங்கியிருக்கும் இந்த ஒட்டலை ஆராய்ந்து கட்ஹெரினை இனங்கண்டவர் ஜப்பானியரான மசதோஷி தக்கெய்ச்சி.

அல்பா-கற்றெனினில்தான் நான் நீண்ட நாட்கள் நின்றேன். இழுவை இல்லாதபோது மடிந்து கிடக்கும் இப்புரதம், மயோசின் இழுக்கும்போது விரிந்து, அதுவரை மறைந்திருந்த இடமொன்றை வெளிக்காட்ட, அங்கு வின்குலின் என்னும் இன்னொரு புரதம் வந்து சேர்ந்து மேலதிக அக்ரினைப் பிணைக்கிறது என்பதை யொனெமுரா குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு முன்வைக்கிறது. பிளெபிஸ்ரற்றின் என்னும் இரசாயனத்தால் மயோசினைத் தடுத்தால், கலங்கள் ஒன்றோடொன்று பிணையும் இடமான சந்தியை விட்டு வின்குலின் அகல்கிறது. இதை வாசித்த கிழமை வீட்டுக்கு வந்திருந்த நான், கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்து நின்றேன். கயிறு தளர்ந்திருந்தவரை ஓரத்தில் குந்தியிருந்து கதைத்தவர்கள், வலையின் மடி கரையை நெருங்கிக் கயிறு விறைத்ததும் எழுந்து வந்து பிடித்தார்கள். வின்குலின் எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆயினும் அந்த உவமையை வரைவில் சேர்க்கவில்லை. கரைவலையில் இழுப்பவர்கள் கரையில் மட்டுமே நிற்பார்கள், கலங்களிலோ சந்தியின் இரு புறத்திலும் இழுப்பவர்களே.

இழுவைக்கு ஈடுகொடுக்கும் அதே சந்தி, இழுவையின் அளவையும் கட்டுப்படுத்துகிறது. அங்கு றோ-ஏ என்னும் புரதம் செயற்பட்டு, றொக் என்ற நொதியத்தைத் தூண்ட, அது மயோசினின் இலகு சங்கிலியில் பொசுபேற்று சேர வழிசெய்து சுருக்கத்தைக் கூட்டுகிறது. இந்தப் பகுதி எழுதச் சிரமமாக இருக்கவில்லை.

சிரமப்படுத்தியது அளவீடு. லேசரால் சந்தியொன்றை வெட்டியதும் அதன் முனைகள் விலகும் வேகத்தை மூன்றாவது வரைவில் அப்படியே இழுவிசை என்று எழுதிவிட்டேன். அவ்வேகம் சூழவுள்ள பொருளின் பிசுக்குமையிலும் தங்கியிருப்பதால், அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய குறிகாட்டி மட்டுமே என்பதைச் சேர் சுட்டிக்காட்டியபோது வெட்கமாக இருந்தது. ஒரு பக்கத்தை முழுவதுமாக மாற்றி எழுதினேன்.

கருத்தரங்கு இருபது நிமிடங்களில் முடிந்தது. கல்சியத்தை அகற்றினால் இழுவையும் நின்றுவிடுமா என்று பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி கேட்டாள். நிற்காது, ஒட்டல் போன பின்பும் மயோசின் இழுத்துக்கொண்டிருக்கும், பிடித்துக்கொள்ள அயற்கலம் இல்லாததால் அக்ரின் வளையம் உள்நோக்கிச் சுருங்கும், கலமும் உருண்டுவிடும் என்று சொல்லி, அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன்.