ஒரு பட்டை அதிகம்

12 முட்டையில் 9 உடைந்துவிட்டது என்றார் அந்த அம்மா. அடிலெய்டில் நான் வேலை பார்க்கும் டிரெய்லர் பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். கணவர் பின்னால் நின்று மீதியைச் சொன்னார்: அலமாரிக் கதவு கழன்றது, முன்பக்கக் கல் தடுப்பு வலையின் போல்ட் இரண்டு அறுந்தது, வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து உலுக்குவது போல வழி நெடுக ஒரு ஆட்டம். கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊட்னடாட்டா டிராக்கில் போய்விட்டு வந்திருந்தார்கள். தென் ஆஸ்திரேலியாவில் மரீயிலிருந்து மார்லா வரை, பழைய கான் ரயில் பாதையை ஒட்டிப் போகும் மண் பாதை அது. ஏறத்தாழ 620 கிலோமீட்டர். ஓய்வு பெற்றபின் இப்படி நாடு சுற்றுகிறவர்களை இங்கே 'கிரே நோமாட்' என்பார்கள், நரைத்த நாடோடிகள். எங்கள் பட்டறைக்குச் சோறு போடுவது பாதி அவர்கள்தான்.

கேம்பர் டிரெய்லர் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு பெட்டி. பெட்டியின் தலையில் கான்வாஸ் கூடாரம் மடிந்து கிடக்கும். பிரித்தால் கட்டிலோடு வீடு. இழுத்தால் வெளியே வரும் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. இதைப் பிராடோ மாதிரி ஒரு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் பேர் இல்லாத இடங்களில் கிடப்பார்கள்.

நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவன். பாரத்தைத் தாங்க அச்சோடு அடுக்காகக் கட்டும் வளைந்த இரும்புத் தகடுகள்தான் லீஃப் ஸ்பிரிங். அங்கே அதைப் பட்டை என்போம். "வண்டி தூக்கிப் போடுது அண்ணே" என்று டிரைவர் வந்து நின்றால் மேஸ்திரி தலையைக்கூடக் குனிய மாட்டார். "தம்பி, ஒரு பட்டை சேர்த்துக் கட்டு" என்பார். கட்டுவோம். சரியாகிவிடும். ஏழெட்டு வருஷம் அதைப் பார்த்து வளர்ந்த கைக்கு வேறு வைத்தியம் தெரியாது. ஃபோர்மேன் அன்றைக்கு லீவு. அந்த டிரெய்லரின் 5 பட்டைக் கட்டைப் பிரித்து, இன்னொன்று சேர்த்து, யூ-போல்ட்டை முறுக்கி, கூலியும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் போயிருந்தார்களாம். இந்தத் தடவை முட்டையே எடுத்துப் போகவில்லை. ஃபிரிட்ஜைத் தாங்கும் சட்டத்தின் வெல்டிங் விட்டிருந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஃபோர்மேன் சுற்றி வந்து பார்த்தார். புதிதாக மினுங்கிய ஆறாவது பட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கேட்டது ஒன்றே ஒன்று: "எடை போட்டாயா?"

போடவில்லை. நாமக்கல்லில் லாரியை எதற்கு எடை போட வேண்டும்? அளவுக்கு மேல்தான் ஏற்றியிருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் பிசகியது அங்கேதான் என்பது அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. ஓவர்லோடு லாரி ஏன் தூக்கிப் போடுகிறது? பாரத்தில் பட்டை முழுக்க அமுங்கி, அச்சு போய் சேசிஸில் இடிக்கிறது. ஒரு பட்டை சேர்த்தால் இடிப்பது நிற்கும். இந்த டிரெய்லரோ நேர் எதிர். பட்டை அமுங்கவே இல்லை. சக்கரம் வாங்குகிற ஒவ்வொரு அடியும் அப்படியே பெட்டிக்கு ஏறுகிறது. டிரைவர் சொல்லும் வாக்கியம் இரண்டுக்கும் ஒன்றுதான். நோய்தான் வேறு.

எடை மேடைக்குக் கொண்டுபோனோம். பயணத்துக்குக் கட்டிய சாமானோடு, தண்ணீரோடு, 1,240 கிலோ. தகட்டில் பொறித்திருந்த ஏ.டி.எம். 1,600 கிலோ. (வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏ.டி.எம். எங்கே என்று ஃபோர்மேன் கேட்டபோது பக்கத்து பேங்குக்கு வழி சொன்னவன் நான். இங்கே டிரெய்லர்காரர்களுக்கு அது, டிரெய்லர் சாமானோடு சேர்த்து இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடை.) ஆக, 1,600 கிலோ தாங்கும் பட்டை, அதன் மேல் நான் ஒன்று கூட்டியது, இரண்டும் சேர்ந்து 1,240 கிலோவைச் சுமந்துகொண்டிருந்தன. கல் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அதைவிட மோசம் அடுத்த எண். இழுக்கும் வண்டியின் கொக்கிக் குண்டின் மேல் டிரெய்லரின் மூக்கு எவ்வளவு பாரம் இறக்குகிறது என்று பார்க்கச் சின்னத் தராசு ஒன்று உண்டு. 55 கிலோ காட்டியது. மொத்த எடையில் நூற்றுக்கு நாலரைகூட இல்லை. இங்கே வழக்கமான கணக்கு நூற்றுக்குப் பத்து. மூக்கு லேசாக இருந்தால் டிரெய்லர் தானும் ஆடி முன்னால் போகும் வண்டியையும் ஆட்டும். தார் ரோட்டில் வேகம் கூடினால் அது வாலாட்டமாக மாறி வண்டியையே புரட்டிவிடக்கூடும். முட்டை உடைந்த கதையில் அந்த அம்மாவும் சரி, நானும் சரி, கவனிக்காமல் விட்ட ஆபத்து அதுதான்.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்டெப்னி பின்கதவில் தொங்கியது. அதன் பக்கத்திலேயே 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. "கைக்கு வசதியாக இருக்கிறது" என்றார் பெரியவர். ஃபோர்மேன் டேப்பை எடுத்தார். குண்டிலிருந்து அச்சு வரை 3.2 மீட்டர். ஸ்டெப்னி 28 கிலோ, அச்சுக்குப் பின்னால் 1.6 மீட்டரில். அதைக் கழற்றி இழுகம்பியின் மேல், அச்சுக்கு 2.2 மீட்டர் முன்னால் வைத்தால்? 28 கிலோ சாமான் 3.8 மீட்டர் நகர்கிறது, 3.2-ஆல் வகுத்தால் மூக்கில் 33 கிலோ கூடும். சாமானின் எடையைவிட அதிகம்! ஏற்றக் கோலும் துலாவும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் தரையில் சாக்பீஸால் அவர் போட்டுக் காட்டியபோது எனக்குச் சின்னப் பையன் போலச் சந்தோஷமாக இருந்தது.

அப்படியென்றால் கேன்களையும் மூக்குக்கே கொண்டுபோய்விடலாமே என்றேன். கூடாது என்றார். பாரம் இரண்டு கோடியிலும் இருந்தால், திரும்பத் தொடங்கிய டிரெய்லரை நிறுத்துவது கஷ்டமாம். அவர் இங்கிலீஷில் விளக்கியது பாதிதான் புரிந்தது, ஆனால் காவடி என்று மனசுக்குள் சொன்னதும் முழுதும் புரிந்துவிட்டது. இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடி தோளில் சுழல ஆரம்பித்தால் சுமக்கிறவனையும் சேர்த்துச் சுற்றும். அதே இரண்டு குடத்தையும் உடம்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று நின்றுவிடலாம். கேன்களை அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், பெட்டியின் அடிப்பக்கம் தாங்கி அடித்து உட்காரவைத்தோம். மூக்குப் பாரம் 116 கிலோவுக்கு வந்தது. நூற்றுக்கு ஒன்பதரை பக்கம். போதும்.

இந்த வேலைக்கு ஆன பொருள் செலவு: கொஞ்சம் ஆங்கிள் இரும்பு, எட்டு போல்ட்.

அப்புறம்தான் பட்டைக்கு வந்தோம். சேசிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தரையை விட்டதும் அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, மறுபடி இறக்கி அளந்தால் பட்டை எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியும். என் 6 பட்டைக் கட்டு அமுங்கியது 28 மில்லிமீட்டர். ஒன்றைக் கழற்றியதும் 34. இதிலிருந்து வண்டி வினாடிக்கு எத்தனை தடவை குதிக்கும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அமுங்கலை மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, அரையை அதால் வகுக்க வேண்டும். 28 மில்லிமீட்டருக்கு 3 தடவை வருகிறது. சாதாரணக் காருக்கு அது 1-லிருந்து ஒன்றரைக்குள் இருக்கும். அதனால்தான் காரில் தூக்கம் வருகிறது.

விறைப்பு குறைந்த பட்டை போடலாம், ஆனால் தகட்டில் உள்ள 1,600 கிலோவை அது தாங்கியே ஆக வேண்டும். அங்கே விட்டுக்கொடுக்க முடியாது. இதற்கு வழி நீளம். அதே கனம், அதே அகலம், அதே எண்ணிக்கை இருந்தால் நீளம் கூடக் கூடப் பட்டையின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் குறையும். நீளத்தைக் கால் பங்கு கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய பாதி. ஆனால் நீளம் கூடினால் இரும்பின் மேல் இழுவிசையும் கூடுமே, அதைத் தாங்கப் பட்டை எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கூட்டிய பிறகும் பழைய விறைப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் நிற்கிறது. சேசிஸில் தாங்கிகளை வெட்டி நகர்த்தி மறுபடி வெல்டு செய்ய இரண்டு நாள் ஆயிற்று. புதுக் கட்டு 53 மில்லிமீட்டர் அமுங்கியது. குதிப்பு வினாடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்கான கூலியை நாங்கள் கேட்கவில்லை. என் சம்பளத்திலும் பிடிக்கவில்லை. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

இந்த டிரெய்லருக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். லீஃப் ஸ்பிரிங் வைத்த டிரெய்லர்கள் பலவும் அப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. பட்டையோடு பட்டை உரசுவதே குதிப்பைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கை. கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்த உரசல் சின்ன மேட்டில் பட்டையை அசையவே விடாது, பெரிய மேட்டில் போதவும் போதாது. ஆக்சிலில் நேரடியாக வெல்டு வைக்காமல், யூ-போல்ட் தகட்டில் முளை வைத்து ஒரு ஜோடி மாட்டினோம். குண்டின் மேல் உட்காரும் கப் 3 மில்லிமீட்டர் தளர்ந்திருந்ததையும் முறுக்கினோம். பின்னாலிருந்து உலுக்குவது போல இருந்ததில் ஒரு பங்கு அதுதான்.

டயரில் எத்தனை காற்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது பெரியவர் பெருமையாக "50" என்றார். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறதாம். அது அந்த டயர் தாங்கும் உச்சம். நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. வண்டியில் முதல் ஸ்பிரிங் டயர்தான், அதுவும் காசு கொடுக்காமல் மாற்றக்கூடிய ஒரே ஸ்பிரிங். இந்த எடைக்குத் தார் ரோட்டில் 36 பி.எஸ்.ஐ., மண் ரோட்டில் 26, வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். காற்றைக் குறைத்துவிட்டு நூறில் போனால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் மருந்து.

இங்கே மண் ரோடு என்றால் நம்மூர்க் குண்டும் குழியும் இல்லை. தகரக் கூரையைப் படுக்கப் போட்டது மாதிரி அலை அலையாக, சீராக, மைல் கணக்கில் இருக்கும். சக்கரங்களே உண்டாக்குவது அது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன் மேல் ரப்பர் சக்கரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் அலை உண்டாக்கியது, ஒரு வேகத்துக்குக் கீழே மட்டும் அலை பிறக்கவில்லை. அலைக்கு அலை முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 15 அடி வாங்குகிறது. சக்கரமும் அச்சும் தாமே துள்ளும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான், அதனால் அங்கே ஆட்டம் உச்சம். 80-இல் போனால் 30 அடி, ஆனால் உள்ளே அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் பறக்கிறார்கள். சக்கரம் அலை உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகிறது, பிரேக் போட்டால் பிடிக்கத் தரை இல்லை என்பது வளைவில்தான் தெரியும்.

அடிலெய்டுக்கு வடக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் மண் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அரை மணி நேரம் ஓட்டியதும் ஃபோர்மேன் நிறுத்தச் சொல்லி, இறங்கி, புறங்கையைச் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் பக்கம் கொண்டுபோனார், பிறகு டயர், பிறகு ஷாக். ஹப் வெதுவெதுப்பு. ஷாக் தொட முடியாத சூடு. "அது சூடாகத்தான் வேண்டும். குதிப்பெல்லாம் அங்கே போய்த்தான் சூடாகிறது" என்றார். நாமக்கல்லில் மேஸ்திரியும் இப்படித்தான் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பார். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பட்டறைக்கும் வித்தியாசம் இல்லை.

ஆறேழு மாதம் கழித்து அவர்கள் பேரிங் கிரீஸ் போட வந்தார்கள். முட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார்: உடைந்தது இரண்டு, அதுவும் இவர் அதன் மேல் கெட்டிலை வைத்ததால்.

நான் சேர்த்துக் கழற்றிய அந்த ஆறாவது பட்டை இன்னும் எங்கள் ரேக்கில் கிடக்கிறது. ஒரு நாள் பழைய இரும்புக்குப் போட ஃபோர்மேன் எடுத்தார். எங்கள் ஊரில் இதில் அரிவாள் அடிப்பார்கள் என்றேன். அரிவாள் என்றால் என்ன என்றார். சாக்பீஸை வாங்கித் தரையில் வரைந்து காட்டினேன், கைப்பிடியோடு, வளைவோடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.