"புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரிந்துவிடுமா?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஆறாம் வகுப்பு மொத்தமும் "புரிஞ்சுது சார்!" என்று ராகம் போடும். புரியாதவன்தான் கூடுதல் சத்தமாகச் சொல்வான். அதனால் என் கணக்கு வகுப்பில் அந்தக் கேள்வியே கிடையாது.

அதற்குப் பதில் ஸ்லேட்டு. ½ + ⅓ எவ்வளவு? எல்லோரும் எழுதி, கவிழ்த்து வைத்து, நான் சொன்னதும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். பாதி ஸ்லேட்டுகளில் ⅖ இருக்கும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவார்கள். "தப்பு" என்று சொல்லிப் பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கும் முறையை மறுபடி ஒப்பித்தால், பரீட்சை வரைதான் தாங்கும். நான் வேறொன்று கேட்பேன்: "அஞ்சில் பாதி எவ்வளவு?" இரண்டரை. "அப்படியானால் ⅖, அரையை விடப் பெரிசா, சின்னதா?" சின்னது. "கையில் அரை தோசை இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுறேன். தோசை குறைஞ்சிடுச்சா?" அவ்வளவுதான், அழிக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் ஆசிரியருக்குப் பெரிய கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். மூன்று வினாடி என்பது படிக்கும்போது சின்னது. நாற்பது முகங்களுக்கு முன்னால் நின்று பாருங்கள், தெரியும்!

அப்புறம், பெயரைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே ஒருவனைக் கூப்பிட்டுவிட்டால் மற்றவர்களுக்கு அது இடைவேளை. கேள்வி, மௌனம், பிறகு பெயர். முதல் பெஞ்சில் விடையை முணுமுணுக்கும் ஒருத்தன் எல்லா வகுப்பிலும் இருப்பான். ஸ்லேட்டு அவனுக்கும் மருந்து.

"இப்படியே போனால் போர்ஷன் எப்போ முடியும்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பின்னம் வருவதே மூன்றாம் பருவத்தில், முழு ஆண்டுத் தேர்வு கிட்டே வந்திருக்கும். நான் வெட்டுவது, கரும்பலகையைப் பார்த்து நோட்டில் காப்பி அடிக்கும் நேரத்தை. நோட்டு மெலிந்து போகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா குறைப்பட்டார். மகளிடம் ஸ்லேட்டைக் கொடுத்து, அவருக்கு முன்னாலேயே ஒரு கணக்குப் போடச் சொன்னேன்.