‘அடிக்கடி’ என்ற ஒரு சொல்

தோழி ஒருத்தி தன் விவாகரத்து மனுவை எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாள். நான்காவது பத்தியில் ‘எதிர்மனுதாரர் அடிக்கடி சாப்பாட்டுத் தட்டை வீசி எறிவார்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்து அது நடந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் வீசவில்லை, தள்ளிவிட்டார். போன் போட்டுக் கேட்டேன். “இது பத்தாது, வேற ஏதாவது இருக்கான்னு வக்கீல் கேட்டுக்கிட்டே இருந்தார்டி, நான் என்ன பண்ண?” என்றாள்.

அவர்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை. பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் பேச்சு நின்றுபோனதை எந்தப் பிரிவில் கொண்டுபோய் வைப்பது? குற்றவாளி ஒருவர் வேண்டும் என்று சட்டம் சொன்னால் மனு எழுதுகிறவர் ஒருவரைத் தயார் செய்துதான் ஆக வேண்டும், அதைப் படித்துக் கொதித்துப்போய் அந்தப் பக்கமும் ஒரு பட்டியல் போடும். அதுவரை கொஞ்சம் மிச்சமிருந்த மரியாதையும் அதோடு போய்விடும். யார் மேலும் குற்றம் சாட்டாமல், ஒருவர் கேட்டாலே விவாகரத்து கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இங்கிலாந்தில் ஓவன்ஸ் வழக்கு என்று ஒன்று உண்டு. கணவரின் நடத்தை பற்றி 27 சம்பவங்களை விவாகரத்து கேட்ட ஓவன்ஸ் என்ற அம்மா எழுதிக் கொடுத்தும், இதெல்லாம் போதாது என்று கீழ்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதிகளுக்கே சங்கடம்தான், ஆனால் சட்டம் அப்படி. கணவர் சம்மதிக்காததால் பிரிந்து ஐந்து வருஷம் முடியும்வரை அந்த அம்மா காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் சட்டத்தை மாற்றினார்கள். 2022 ஏப்ரலிலிருந்து அங்கே ‘எங்கள் திருமணம் முறிந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும். உடனே கையில் கொடுத்துவிடுவதில்லை, முதலில் 20 வாரம், பிறகு இன்னும் 6 வாரம் பொறுக்க வேண்டும். அது நியாயமாகவே படுகிறது.

நியூயார்க்கில் 1966 வரை கிட்டத்தட்ட கள்ள உறவு ஒன்றுதான் காரணமாகச் செல்லும். அதனால் ஹோட்டலில் அறை எடுத்து, கூலிக்கு ஒரு பெண்ணை உட்காரவைத்துப் போட்டோ பிடித்து, அதைக் கோர்ட்டில் காட்டியிருக்கிறார்கள். சட்டமே ஆளைப் பொய் சொல்ல அனுப்புகிறது!

ஒருவர் கேட்டாலே விவாகரத்து என்றால், ‘கட்டினவளை விட்டுட்டு ஓடுறவனுக்குத்தானே இது வசதி’ என்பார்கள். இதை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. ‘நான் சம்மதிக்க மாட்டேன்’ என்ற ஒரு பிடி மட்டுமே கையில் இருக்கும் பெண்கள் நிறைய, அதைக் காட்டித்தான் வீட்டிலோ பணத்திலோ ஏதாவது வாங்க முடிகிறது. அந்தப் பிடியை எடுத்தால் ஜீவனாம்சம், சொத்துப் பங்கு இரண்டையும் தனியாக, கறாராக எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இது அரைகுறைச் சீர்திருத்தம்தான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடி வாங்குகிறவள், பூட்டிய வீட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு எங்கே போவாள்? அமெரிக்காவில் ஒருவர் கேட்டாலே விவாகரத்து என்று ஆன மாநிலங்களில் பெண்களின் தற்கொலையும் வீட்டு வன்முறையும் குறைந்ததாக ஸ்டீவன்சன், வோல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள்.

சரி, அந்த மனு. பிழைகளைத் திருத்தி, ‘அடிக்கடி’யை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். தாக்கல் செய்த பிரதியில் அது திரும்பவும் வந்திருந்தது.