‘168 அக்கா’

வங்கியில் கேஒய்சி படிவம் நிரப்பும்போது ‘தொழில்’ என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. பி.எஸ்சி. முடித்து நான்கு வருடம். மாணவி என்று எழுத முடியாது, வேலையில்லை என்று எழுத மனம் வரவில்லை. பின்னால் நின்ற பெரியவர், “என்னம்மா, பேனா எழுதலையா?” என்று தன் பேனாவை நீட்டினார்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது புரியும். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி தமிழ், அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பாடம் ஒன்றும் மலையில்லை, பள்ளிப் புத்தகம்தான். அதையே நான்கு வருடம் புரட்டுவதுதான் ஆளைத் தின்றது. நூலகத்தில் என் பெயரே ‘168 அக்கா’. போன தேர்வில் நான் சரியாகப் போட்ட கேள்விகள் அத்தனை. கட் ஆஃபுக்கு இரண்டு கம்மி.

ஒருநாள் பக்கத்து மேசைப் பெண் ஒரு சங்கப் பாட்டைக் காட்டி, “எவ்ளோ அழகா இருக்குல்லக்கா?” என்றாள். எட்டிப் பார்த்தேன். திணை, பாடியவர், இலக்கணக் குறிப்பு. வேறெதுவும் கண்ணில் படவில்லை. “இதுல ரெண்டு தடவை கேட்டிருக்காங்க” என்றேன். பிளஸ் டூவில் இதே பாட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான்.

சோம்பல் என்று நினைத்துப் படிப்பைப் பன்னிரண்டு மணி நேரமாக ஏற்றினேன். பெரிய தப்பு. சோம்பேறிக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், ஊர் சுற்றப் பிடிக்கும். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இப்படி எரிந்து தீர்வதை (பர்ன் அவுட்) வேலை சார்ந்த நிலை என்று வரையறுத்தது. வேலையே கிடைக்காதவர்கள் எந்தக் கணக்கில் வருவோமோ!

14416-க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்) அழைத்தேன். “பரீட்சையை விடுங்க, உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். ரொம்ப நேரம் பதில் வரவில்லை.

அப்புறம் நூலகம் நாலு மணி வரைதான். ஆன்சர் கீ வரும் வாரம் டெலிகிராமை அழித்துவிடுவேன்; நீங்களும் செய்யுங்கள். சாயங்காலம் அத்தையின் தையல் மெஷின். மதிப்பெண் போட ஆளில்லாத ஒரு காரியம் வேண்டும், எதுவானாலும் சரி. முதல் ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்தேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், எத்தனை மாதம் கழித்தோ.

இந்தத் தடவையும் எழுதியிருக்கிறேன். “எத்தனைக்கா வருது?” என்கிறார்கள். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு ஜாக்கெட் கொடுக்க வேண்டும்.